ஓதம் ஏறும்போது பூநாரைகள் எங்கே செல்கின்றன? தானே கடற்கழியின் குளிர்காலப் பறவைகள் - ஒரு விளக்கம்

மும்பை: குளிர்காலம் தொடங்கியதும் மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையே உள்ள தானே கடற்கழியில் பூநாரைகள் வந்து சேர்கின்றன. அவற்றைக் காண விடுமுறை நாள்களில் ஏராளமானோர் கரைக்கு வருகின்றனர். ஆயினும் ஒரு வாரம் கண்முன்னே இளஞ்சிவப்புக் கூட்டத்தைக் கண்டவர்கள், அடுத்த வாரம் அதே இடத்தில் அதே நேரத்தில் வெறும் நீர்ப்பரப்பை மட்டுமே பார்த்துத் திரும்புவதுண்டு. இதற்கான விடை ஓதத்தில், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தில் உள்ளது. இப்பறவைகளைப் பாதுகாப்பதில் எழுந்துள்ள சிக்கலைப் புரிந்துகொள்ளவும் அதுவே திறவுகோல்.

தானே கடற்கழி என்பது என்ன?

அரபிக்கடல் நிலத்துக்குள் நீண்டு நுழைந்த பகுதியே தானே கடற்கழி. வடக்கே தானே நகருக்கு அருகில் உல்லாஸ் ஆற்றோடு ஒரு குறுகிய நீர்வழி இதனை இணைக்கிறது. இருகரைகளிலும் அலையாத்திக் காடுகளும், அவற்றை ஒட்டிச் சேற்றுப் பரப்புகளும் அமைந்துள்ளன. இக்கழியின் ஒரு பகுதியை மகாராஷ்டிர அரசு 2015-ஆம் ஆண்டு பூநாரை சரணாலயமாக அறிவித்தது. சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 1,690 ஹெக்டேர். 2022-ஆம் ஆண்டு இக்கழி, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

எந்தெந்தப் பறவைகள் வருகின்றன?

இங்கு அதிகமாகக் காணப்படுவது சிறிய பூநாரை. பெரிய பூநாரைகளும் வருகின்றன. உயரத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிவது தொலைவிலிருந்து கடினம். அலகைக் கொண்டு அறிவது எளிது. பெரிய பூநாரையின் அலகு இளஞ்சிவப்பாகவும் நுனி மட்டும் கறுப்பாகவும் இருக்கும். சிறிய பூநாரையின் அலகு முழுவதும் கருஞ்சிவப்பாகத் தோன்றும். கூட்டத்தில் சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் தென்படுபவை இளம்பறவைகள். உணவிலுள்ள நிறமிகள் உடலில் சேரச் சேரத்தான் சிவப்பு நிறம் வருகிறது.

பூநாரைகள் சைபீரியாவிலிருந்து வருவதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் 1883-இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பறவைகளுக்கு வளையமிட்டும் செயற்கைக்கோள் கருவி பொருத்தியும் மேற்கொண்ட ஆய்வுகள், தானே கழிக்கும் குஜராத்தின் கட்ச், பாவ்நகர் பகுதிகளுக்கும் இடையே இவை சென்றுவருவதைக் காட்டுகின்றன. நவம்பர், டிசம்பர் வாக்கில் வரத் தொடங்கும் இவை, பருவமழை நெருங்கும் மே, ஜூன் மாதங்களில் திரும்புகின்றன.

நெடுந்தொலைவு பயணிகளும் உண்டு. கருவால் மூக்கன், கோட்டான், பவளக்காலி, உள்ளான், உப்புக்கொத்தி ஆகிய கரைப்பறவைகள் மத்திய ஆசியா, சைபீரியா போன்ற வடபுலங்களில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருகின்றன. இவ்வினங்கள் தமிழ்நாட்டின் கோடியக்கரைக்கும் குளிர்கால விருந்தினர்களே. அங்கும் இக்கழகம் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது.

சேற்றில் என்ன இருக்கிறது?

பார்வைக்கு வெறும் சேறாகத் தோன்றும் பரப்பில் புழுக்கள், நத்தைகள், சிறு நண்டுகள், நுண்பாசிகள் நிறைந்துள்ளன. இவற்றைப் பல இனங்கள் போட்டியின்றிப் பகிர்ந்துகொள்ள அலகின் நீளமே துணை செய்கிறது. குட்டை அலகுடைய உப்புக்கொத்தி சேற்றின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியும் இரையை ஓடிச்சென்று கொத்துகிறது. உள்ளான் சற்று ஆழத்தில் தேடுகிறது. மூக்கனும் வளைந்த நீண்ட அலகுடைய கோட்டானும் மேலும் ஆழத்தில் உள்ள புழுக்களை எடுக்கின்றன. சிறிய பூநாரையோ அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி நுண்பாசிகளை வடிகட்டி உண்கிறது. நகரக் கழிவுநீரால் சேரும் சத்துகள் பாசியைப் பெருக்குவதும் இங்கு பூநாரைகள் திரள ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் மாசு ஓர் எல்லையைக் கடந்தால் அதுவே தீங்காகிவிடும்.

ஓதத்துக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு?

கடல்நீர் நாளொன்றுக்குப் பொதுவாக இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. இந்நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு நீர் முழுமையாக வற்றினால், நாளை அது 7.50 மணி அளவில் நிகழும். ஒரு வாரத்தில் அதே 7 மணிக்கு நிலைமை ஏறக்குறைய நேர்மாறாகிவிடும். சென்ற ஞாயிறு கண்ட பறவைகள் இந்த ஞாயிறு காணாமற்போவது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும்.

நீர் வற்றும்போது சேறு வெளிப்படுகிறது. பறவைகள் பரவி இரை தேடுகின்றன. முழுமையாக வற்றிய வேளையில் அவை கரையிலிருந்து வெகுதொலைவு சென்றுவிடும். நீர் ஏறத் தொடங்கியதும் சேற்றுப் பரப்பு சுருங்க, அவை கரையை நோக்கி நெருங்கி வருகின்றன. கரையிலிருந்து பார்ப்போருக்கு இதுவே உகந்த நேரம். ஐரோலியில் உள்ள கடலோர மற்றும் கடல்சார் பல்லுயிர் மையத்திலிருந்து இயக்கப்படும் படகுகளின் நேரமும் ஓதத்தைப் பொறுத்தே அமைகிறது.

நீர் முழுமையாக ஏறிய பின், சேறு மூழ்கிவிடும். அடுத்த வற்றம் வரும் வரை பறவைகள் நிற்பதற்கு ஆழமற்ற நீர்நிலை தேவை. நெருல், சீவுட்ஸ் பகுதிகளில் உள்ள குளங்களும் சதுப்புகளும் இத்தேவையை நிறைவு செய்கின்றன.

சிக்கல் எங்கே உள்ளது?

பறவைகளின் உணவிடமான சேற்றுப் பரப்புக்குச் சரணாலயத்தின் பாதுகாப்பு கிடைத்துள்ளது. ஆனால் ஓய்விடமான குளங்கள் பலவும் சரணாலய எல்லைக்கு வெளியே, நிலமதிப்பு மிகுந்த நகர்ப்பகுதிக்குள் அமைந்துள்ளன. பறவையின் ஒரு நாளில் பாதி, பாதுகாப்பு எல்லைக்கு வெளியே கழிகிறது.

நெருலில் உள்ள டிபிஎஸ் ஏரி இதற்கு எடுத்துக்காட்டு. 2024-ஆம் ஆண்டு இந்த ஏரிப் பகுதியில் சில பூநாரைகள் இறந்தும் காயமுற்றும் கிடந்தன. கடல்நீர் உள்ளே வரும் வழி அடைபட்டதால் ஏரி வறண்டதாகச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் குற்றம்சாட்டினர். நீர்வரத்து நின்றால் இத்தகைய குளம் முதலில் வற்றும். பின்னர் புல் மண்டும். இறுதியில் வெற்று நிலமாகத் தோற்றமளிக்கும். 2025 ஏப்ரலில், ஏறத்தாழ 30 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் அளித்தது.

ஓய்விடத்தை இழந்த பறவைகள் வேறிடம் தேடிக் கூடுதலாகப் பறக்க வேண்டியுள்ளது. ஓதம் இரவிலும் ஏறி இறங்குவதால் அவை இருளிலும் இடம்பெயர்கின்றன. மும்பை போன்ற நகரில் அது ஆபத்தானது. 2024 மே 20 இரவு, காட்கோபர் பகுதியில் தரையிறங்க வந்த விமானத்தில் மோதி 30-க்கும் மேற்பட்ட பூநாரைகள் உயிரிழந்தது குறிப்பிடத்தக்கது.

பார்வையாளர்கள் கவனிக்க வேண்டியவை

புறப்படும் முன் அன்றைய ஓத அட்டவணையைப் பார்ப்பது அவசியம். பறவைகள் உண்பதை நிறுத்தித் தலைநிமிர்ந்து பார்த்தால், பார்வையாளர் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்று பொருள். கூட்டத்தைப் பறக்கவைத்துப் படமெடுப்பதும், அதன்மேல் டிரோன் செலுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டும். பல்லாயிரம் கிலோமீட்டர் திரும்பிச் செல்லவேண்டிய கரைப்பறவைக்கு, குளிர்காலத்தில் சேர்க்கும் கொழுப்பே வழித்துணை. தேவையின்றி எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பு குறைகிறது. கடற்காகங்களுக்குச் சேவ் போன்ற எண்ணெய்ப் பண்டங்களை வீசும் வழக்கமும் அவற்றுக்கு ஊறு விளைவிக்கும்.

ஆர்வமுள்ளோர் கணக்கெடுப்பிலும் பங்கேற்கலாம். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தன்னார்வலர்களை நம்பியே இயங்குகிறது. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை கண்ணில் எவ்வளவு இடத்தை நிரப்புகின்றன என்று மனத்தில் கொண்டு, அந்த அளவால் முழுக்கூட்டத்தையும் மதிப்பிடுவதே வழக்கம். ஒரே குளத்தை ஆண்டுதோறும் எண்ணிவரும் போதுதான் அங்கு பறவைகள் குறைவது பதிவாகும். அப்பதிவு இல்லாத குளத்தை, பறவையே வராத இடம் என்று கூறிவிடுவது எளிது.

ஏரிக்குக் காப்பகம் என்ற தகுதி கிடைப்பது முதற்படி மட்டுமே. அதன் மதகுகளும் கால்வாய்களும் திறந்திருந்து, ஒவ்வொரு ஓதத்திலும் கடல்நீர் வந்து திரும்பினால்தான் பூநாரைகளுக்கு அங்கு நிற்க இடமிருக்கும்.