அப்பாவின் மாதிரி விமானங்களை யாரிடம் ஒப்படைப்பது?

நீண்ட காலம் சிகிச்சை பெறுவோர் எங்களிடம் மருந்துகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வீட்டில் விட்டு வந்த பொருள்களைப் பற்றியும் பேசுகின்றனர். மாணவப் பருவத்தில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்யப் பழகி, ஆயுள் முழுவதும் அதைத் தொடர்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. பரணில் இருக்கும் அந்த விமானங்கள் தமக்குப் பின் என்னவாகும் என்பது அவர்களுடைய கவலை. வைத்துக்கொள்ள இடமும் இல்லை, எறிந்துவிட மனமும் இல்லை என்பது பிள்ளைகளுடைய கவலை. இரு தரப்பினருக்காகவும் இதை எழுதுகிறோம்.

இதைப் பற்றி நோயாளியிடம் பேசத் தயங்காதீர்கள். “இவற்றை யாருக்குக் கொடுத்தால் மகிழ்வீர்கள்?” என்று கேட்பது அவருடைய முடிவை எதிர்பார்ப்பது ஆகாது. எந்த விமானம் பறந்தது, எது விழுந்து மீண்டும் ஒட்டப்பட்டது, எந்த எஞ்சின் எங்கே வாங்கப்பட்டது என்பவை பெரும்பாலும் அவருக்கு மட்டுமே தெரியும். கைப்பேசியில் ஒவ்வொன்றின் படத்தையும் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும், களைப்புற்றால் நிறுத்திவிடுங்கள்.

பால்சா மரச் சட்டத்தின்மீது மெல்லிய தாள் போர்த்தி, ‘டோப்’ என்னும் பூச்சுப் பூசிச் செய்தவை ஒரு வகை. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்தவை மற்றொரு வகை. இங்கிலாந்தின் ‘ஃபிராக்’ நிறுவனம் 1936இல் ‘பெங்குவின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் விமானத் தொகுப்புகளை வெளியிட்டது. ‘ஏர்ஃபிக்ஸ்’ நிறுவனத்தின் முதல் ஸ்பிட்ஃபயர் தொகுப்பு 1953இல் வந்தது. இத்தகைய பழைய தொகுப்புகளின் பெட்டிகளையும் வரைபடங்களையும் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுவதால், அவற்றைக் குப்பையில் சேர்த்துவிட வேண்டாம். புது வண்ணம் பூசுவதும் ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது. மென்மையான தூரிகையால் தூசியை நீக்கினால் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் அப்பணியைப் பிறரிடம் விடுவது நலம்.

சில பொருள்களில் ஆபத்து உண்டு. டோப் எளிதில் தீப்பற்றும். பழைய எரிபொருள்களில் ஈதரோ நச்சுத்தன்மையுள்ள மெத்தனாலோ இருக்கலாம். அத்தகைய புட்டிகளைத் திறக்காதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள், தீயணைப்புத் துறையினரிடம் ஆலோசனை கேளுங்கள். விமானத்தின் மூக்கில் எடைக்காக வைத்த காரீயத் துண்டுகளைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். ரேடியோக் கருவிகளில் உள்ள நிக்கல்-காட்மியம் மின்கலங்களை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் சேர்ப்பியுங்கள்.

பின்னர், பெறுவோரைத் தேடலாம். மாதிரி விமானக் கழகங்கள், தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவுகள், வானூர்திப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகள் ஆகியவற்றை அணுகலாம். சென்னை குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. போன்ற கல்வி நிறுவனங்களில் இத்துறை உண்டு. அரிய பொருளாயின் பெங்களூரு எச்.ஏ.எல். விமான அருங்காட்சியகத்திடமும் கேட்டுப் பார்க்கலாம். எங்கும் பொருளை நேராகக் கொண்டு செல்லாமல், படமும் பட்டியலும் அனுப்பி முதலில் இசைவு பெறுங்கள். அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் ஏற்பதில்லை. மறுத்தால் அதைத் தந்தைக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருத வேண்டாம்.

எங்கள் குழந்தைகள் பிரிவுக்குத் தரலாமா என்று அன்போடு கேட்போரும் உண்டு. தூசியும் கூரிய முனைகளும் பழைய வண்ணங்களில் இருக்கக்கூடிய காரீயமும் காரணமாக அவற்றை எங்களால் ஏற்க இயலாது.

உரியவர் மறைந்துவிட்டிருந்தால் அவசரம் வேண்டாம். உலர்ந்த, வெயில் படாத இடத்தில் அவை சில மாதங்கள் காத்திருக்கும். உடன்பிறந்தோர் கூடிப் பேசி, விரும்புவோர் ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் கொடுக்கும்போது, செய்தவரின் பெயரையும் அவர் சொன்ன குறிப்புகளையும் ஒரு தாளில் எழுதி உடன் அனுப்புங்கள். முன்பின் அறியாத ஒரு மாணவர் அந்த இறக்கையைக் கையிலெடுக்கும்போது, அதை இழைத்தவர் யார் என்று தெரிந்துகொள்ளட்டும்.