நனைத்த புல்

தில்லியில் ஆண்டுதோறும் சனவரி 26ஆம் நாள் குடியரசு நாள் அணிவகுப்பு நடைபெறுகிறது. அன்று குடியரசுத் தலைவருக்குக் காவலாகக் குதிரைகள்மீது அமர்ந்து வருவோர் அவருடைய மெய்க்காவல் படையினர் ஆவர். இப்படை 1773ஆம் ஆண்டு காசியில் தொடங்கப்பெற்றது. இப்படைத் தலைவரைச் சுமந்த விராட் என்னும் குதிரை 13 அணிவகுப்புகளில் பங்கேற்று, 2022ஆம் ஆண்டு ஓய்வு பெற்றது. குதிரை இவ்வாறு நெடுங்காலம் உழைக்க வேண்டுமாயின், அதன் நுரையீரலும் குளம்பும் நலமாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் அது தின்னும் புல்லைப் பொறுத்தவை.

குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். மனிதரைப்போல் வாயால் மூச்சு விட அதனால் இயலாது. இலாயத்தில் கட்டப்பட்ட குதிரை, உலர்புல்லுக்குள் மூக்கைப் புதைத்தே உண்ணும். அப்போது புல்லிலுள்ள தூசியும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வித்துகளும் நுரையீரலுக்குள் செல்கின்றன. ஒவ்வாமை உடைய குதிரைக்கு இவற்றால் இருமலும் மூச்சிரைப்பும் உண்டாகும். குளிர்காலத்தில் தில்லியின் காற்றில் புகையும் தூசியும் மிகுவதால், அக்குதிரையின் துன்பம் மேலும் பெருகும்.

மற்றொரு நோய் குளம்பு அழற்சி. குளம்பினுள் இருக்கும் எலும்பை, மெல்லிய ஏடுகள் போன்ற திசு அடுக்குகள் குளம்பின் சுவரோடு பிணைத்துள்ளன. இந்நோயில் அவ்வடுக்குகள் வீங்கிப் பிணைப்புத் தளரும். குதிரை நிற்கவும் இயலாமல் வருந்தும். நோய் முற்றினால் உயிருக்கே கேடு நேரலாம். உணவில் சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுவது இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும்; கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்பது குதிரையைப் பற்றிய பழமொழி. அது விரும்புகிறதே என்று தானியத்தை அள்ளிக் கொடுத்தல் அன்பாகாது.

இவ்விரு நோய்களுக்கும் உள்ளாகக்கூடிய குதிரைக்குத் தண்ணீர் பெருந்துணை செய்யும். உலர்புல்லைச் சில நிமிடங்கள் நீரில் அமிழ்த்தி எடுத்தால் தூசி அடங்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறவைத்தால், புல்லிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதி நீரில் கரைந்து வெளியேறும். அந்நீரைக் கொட்டிவிட வேண்டும்; குதிரைக்குக் குடிக்கத் தரலாகாது. ஈரப்புல்லை உடனே உண்ணக் கொடுக்க வேண்டும். தில்லியின் கோடை வெப்பத்தில் அது விரைவில் புளித்துக் கெட்டுவிடும். ஊறும்போது தாது உப்புகளும் குறைவதால், கால்நடை மருத்துவர் கூறும் அளவில் அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த புல்லை நனைத்தாலும் பயனில்லை. அதை விலக்கிவிட வேண்டும்.

புல்லைத் தரையில் இடுவதும் நன்று. தலை தாழ்ந்திருக்கும்போது மூக்கில் சேரும் சளி எளிதில் வெளியேறும். இலாயத்தைப் பெருக்கும்போது குதிரையை வெளியே கட்ட வேண்டும்.

குதிரை தன் நோயை வாய்விட்டுச் சொல்லாது. அணிவகுப்பில் அதன் மிடுக்கான நடையைக் கண்டு அனைவரும் மகிழ்வர். விடியுமுன் எழுந்து புல்லை நனைத்து வைத்த பராமரிப்பாளரின் உழைப்பும் அந்நடையில் கலந்திருக்கிறது.