கசையடியை எதிர்த்த கப்பற்படைத் தலைவர்

சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் போர்க் கப்பலொன்றில் வேலைக்கு அமர்ந்த மாலுமிக்குத் தன் முதுகு தன்னுடையதன்று. குடித்துத் தள்ளாடினாலும், மேலதிகாரிக்கு எதிர்வார்த்தை சொன்னாலும், கப்பல் தலைவர் உத்தரவிட்ட மாத்திரத்தில் அவனுடைய சட்டை உரியப்படும். மணிக்கட்டுகள் மரக் கிராதியோடு பிணைக்கப்படும். முடிச்சிட்ட ஒன்பது நுனிகளையுடைய சவுக்கு அவன்மேல் இறங்கும். கப்பலிலுள்ளோர் அனைவரும், சிறுவர்கள் உட்பட, தளத்தில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தே தீர வேண்டும். பன்னிரண்டு அடிவரை விதிப்பதற்குத் தலைவருக்கு விசாரணை என்பதே தேவையில்லை. சட்டமே அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்திருந்தது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று உலகறியப் பிரகடனம் செய்த தேசத்தின் கொடிக்குக் கீழே இது நடைபெற்றது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இக்கொடுமையை எதிர்த்து நின்ற அதிகாரிகளுள் முதன்மையானவர் யூரையா பிலிப்ஸ் லெவி. 1792-ல் பிலடெல்பியா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதிலேயே வர்த்தகக் கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்துவிட்டார். 1812-ல் பிரிட்டனோடு யுத்தம் மூண்டபோது கடற்படையில் புகுந்து, எதிரிகளிடம் அகப்பட்டு, இங்கிலாந்தில் டார்ட்மூர் சிறையில் பதினாறு மாதங்கள் கிடந்தார். விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பியவருக்குக் கிடைத்த வரவேற்பு விசித்திரமானது. பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே உரியதென்று கருதப்பட்ட அதிகாரிகள் வரிசையில், கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்தவர், அதிலும் யூதர், வந்து அமர்வதைச் சகாக்களிற் பலர் சகிக்கவில்லை. இன நிந்தனையும் ஏளனமும் அவரை ஓயாது தொடர்ந்தன. அவரும் பொறுமையின் திருவுருவம் அல்லர். அவமதிப்பைக் கண்டால் கை நீளும். 1816-ல் சக அதிகாரி ஒருவருடன் நேர்ந்த துவந்த யுத்தத்தில் அந்த அதிகாரி மாண்டார். ஆறு முறை கோர்ட் மார்ஷல் விசாரணை. இரு முறை உத்தியோக நீக்கம். இரு முறையும் ஜனாதிபதியின் தலையீட்டால் மீட்சி. இவற்றில் எல்லாக் குற்றச்சாட்டும் பொய்யென்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் வேறு மதத்தவர் ஒருவர் இதே கோபத்தைக் காட்டியிருந்தால் இத்தனை முறை கூண்டில் ஏற்றப்பட்டிருப்பாரா என்பது கேட்கத்தக்க கேள்வி.

1838-ல் 'வண்டாலியா' என்னும் கப்பல் அவர் வசம் ஒப்புவிக்கப்பட்டது. சவுக்கு வேண்டாம் என்று அங்கே அவர் விதித்தார். குற்றம் செய்தவனுக்கு அவன் குற்றத்தைக் காட்டும் சின்னத்தை அணிவித்தார். உடலை நைப்பதைவிட நாணச் செய்வது நல்லது என்பது அவர் கொள்கை. அங்கேதான் அந்தப் பிரசித்தமான சம்பவம் நிகழ்ந்தது. ஒரு பையன் மேலதிகாரி ஒருவரைப் போலப் பேசிக் காட்டிக் கேலி செய்தான். வழக்கப்படி அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது பன்னிரண்டு கசையடி. லெவியோ அவனைப் பீரங்கியோடு கட்டச் செய்து, கால்சட்டையை இறக்கி, பின்புறத்தில் சிறிது தாரைத் தடவி, அதில் சில கிளி இறகுகளை ஒட்டி, சில நிமிஷங்கள் நிறுத்திவிட்டு விட்டுவிட்டார். பையனுக்கு ஒரு கீறலும் இல்லை.

இதற்காக 1842-ல் கோர்ட் மார்ஷல் கூடிற்று. முதுகைக் கிழிப்பதைச் சாதாரண நடைமுறையாகக் கொண்டிருந்த கனவான்கள், கிளி இறகு ஒட்டியதைக் கொடூரமென்றும் அவமானகரமென்றும் தீர்மானித்து, லெவியை உத்தியோகத்தினின்றும் நீக்கும்படி தீர்ப்பளித்தார்கள்! ஜனாதிபதி டைலர் அத்தீர்ப்பை ஒப்பாமல், தண்டனையைப் பன்னிரண்டு மாத விலக்கமாகக் குறைத்தார். 1844-ல் காப்டன் பதவி கிடைத்தது, கப்பல்தான் கிடைக்கவில்லை. விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினார், பயனில்லை.

சும்மா இருந்த காலத்தில் அவர் பேனாவைப் பிடித்தார். கசையடிக்கு எதிராகப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அவர் மட்டுமே போராடினார் என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். செனட் சபையில் நியூ ஹாம்ப்ஷயர் பிரதிநிதி ஜான் ஹேல் ஆண்டுதோறும் இப்பிரச்னையைக் கிளப்பினார். போர்க் கப்பலில் மாலுமியாக இருந்து கண்ணாரக் கண்டவராகிய ஹெர்மன் மெல்வில் 1850-ல் 'வெள்ளைச் சட்டை' என்ற நாவலில் அக்கொடுமைகளை எழுதினார். சவுக்கு போனால் கட்டுப்பாடு போகும், கப்பலே கவிழும் என்று கடற்படைப் பெரியவர்கள் அலறினர். தென் மாகாணப் பிரதிநிதிகளிற் பலர் அவர்களுக்குப் பக்கபலமாக நின்றனர். நிலத்தில் அடிமைகளைச் சவுக்கால் ஆண்டவர்களுக்குக் கடலில் சவுக்கு ஒழிவது எப்படி உவப்பாகும்? எனினும் 1850 செப்டம்பரில் கடற்படைச் செலவு மசோதாவுடன் இணைத்துக் கசையடி ஒழிக்கப்பட்டது. கப்பல் எதுவும் கவிழவில்லை.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தை மறைப்பது நேர்மையாகாது. ஜெபர்ஸனிடம் பேரன்பு கொண்ட லெவி, சிதைந்து கிடந்த அவரது மாண்டிசெல்லோ மாளிகையை 1834-ல் விலை பேசி வாங்கிச் செப்பனிட்டுக் காத்தார். வர்ஜீனியாவிலிருந்த அந்தப் பண்ணையில் அடிமைகளை வைத்து வேலை வாங்கினார். மாலுமியின் முதுகுக்கு இரங்கிய மனிதருக்கு, தம் வயலில் உழைத்த கறுப்பரின் விலங்கு உறுத்தவில்லை. சமத்துவப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்ஸனும் இதே வீட்டில் அடிமைகளோடு வாழ்ந்தவர்தாம்.

1855-ல் கடற்படையைச் செப்பனிடுகிறோம் என்று ஏறக்குறைய இருநூறு அதிகாரிகளைச் செயற்பணியினின்றும் விலக்கினர். லெவியும் அதில் அகப்பட்டார். இம்முறை அவர் விடவில்லை. 1857-ல் விசாரணை மன்றத்தின் முன் நின்று, யூதராகப் பிறந்ததே தமக்குக் குற்றமாகிவிட்டது என்று வெளிப்படையாக வாதாடினார். முன்னாள் கடற்படை மந்திரியும் சரித்திர ஆசிரியருமான ஜார்ஜ் பான்கிராப்ட் அவருக்காகச் சாட்சி சொன்னார். லெவி மீண்டும் பதவி பெற்று, 'மாசிடோனியன்' கப்பலில் மத்திய தரைக்கடலுக்குச் சென்று, அங்கிருந்த அமெரிக்கப் படைக்குத் தலைவரானார். எழுபதை எட்டும் முன்பே, 1862 மார்ச்சில், நியூயார்க்கில் காலமானார். கடற்படையில் உடல் தண்டனையை ஒழித்த சட்டத்தின் தந்தை என்பது அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. 1943-ல் கட்டப்பட்ட பாதுகாப்புப் போர்க் கப்பலொன்றுக்கு, அவரை வெளியேற்றப் பார்த்த அதே கடற்படை, 'லெவி' என்று பெயரிட்டது.