அறுந்த முண்ணாண் மீண்டும் தளிர்க்குமா?

தென்னை ஏறும் ஒருவரைப் பாலையூற்றுச் சிறுவர் அண்ணாந்து பார்த்து நிற்பதுண்டு. அவர் கால் ஒருமுறை வழுவினால் என்னவாகும்? கை முறிந்தால் எலும்பு பொருந்தும். தோல் கிழிந்தால் புண் ஆறும். முள்ளந்தண்டினுள்ளே சுண்டுவிரற் பருமனில் ஓடும் முண்ணாண் நசுங்கினாலோ, காயத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போகலாம்.

கைகால் நரம்புகள் அறுந்தாலும் மெல்ல வளரும் இயல்புடையன. முண்ணாணிலோ காயம்பட்ட இடத்தில் வடு உண்டாகிப் புதிய நார்களின் வழியை அடைத்துவிடுகிறது. நரம்பு உறையிலுள்ள சில பொருள்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

இத்தடையைக் கடக்க முயல்வதே இழையப் பொறியியல். கொடி படரப் பந்தலிடுவதுபோல, உடலிற் கரையக்கூடிய மெல்லிய சட்டமொன்றைக் காயத்தில் வைத்து, அதன்மீது உயிர்க்கலங்களை வளர்க்க விஞ்ஞானிகள் முயல்கின்றனர். கலங்களை மட்டும் செலுத்தும் முயற்சியும் உண்டு. யப்பானின் கெய்யோ பல்கலைக்கழக வைத்தியர்கள் மனிதக் கலங்களை இளமை நிலைக்குத் திருப்பி, நரம்புக் கலங்களின் முன்னோடிகளாக்கி, 2021 டிசெம்பர் முதல் நால்வரின் முண்ணாணிற் செலுத்தினர். அவர்களுள் இருவர் நன்மை கண்டனர். ஒருவர் தாமாக எழுந்து நின்றார் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. மற்ற இருவரிடம் பெரிய மாற்றமில்லை. நால்வரைக் கொண்டு முடிவு கூறல் ஆகாது. ஆகவே, பெரும்பணம் கேட்டு "பூரண சுகம் நிச்சயம்" என்போரை நம்பிக் காணியை விற்றுவிடாதீர்கள்.

அப்படியாயின் அதுவரை வாழ்வு இல்லையா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தொன்றில் முண்ணாண் சேதமுற்றுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கில் மறுவாழ்வு வைத்தியம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். தம்மைப்போல் வீழ்ந்தோர் தங்கிப் பயிற்சி பெற 1966-இல் அங்கு ஒரு நிலையம் எழுந்தது. 1972-இல் அவருக்குப் பத்மஶ்ரீ விருது கிடைத்தது.

மாணவர்களே, இன்றே நம்மால் இயல்வதும் ஒன்றுண்டு. மரத்திலிருந்து விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். எழுப்பி உட்கார வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமற் காத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். முண்ணாணுக்குப் பாலம் அமைக்கும் கலை நாளை கைகூடலாம். எஞ்சியிருக்கும் நார்களை இன்று அறுபடாமற் காப்பது நம் கையில் இருக்கிறது.