செம்பருத்தி என்று கேட்டால் கிடைக்காத சிவப்பு

“அண்ணே, காய்ஞ்ச செம்பருத்திப் பூ இருக்கா?” நாட்டு மருந்துக் கடைகளில் இந்தக் கேள்வி புதிதல்ல. தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் காலங்காலமாகக் கேட்டு வாங்குவதுதான். இப்போது வெயில் ஏறத் தொடங்கியதும் இன்னொரு கூட்டமும் அதையே கேட்கிறது. ஏதோ ஒரு ஓட்டலிலோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டிலோ, மாணிக்கச் சிவப்பில் புளிப்பும் இனிப்புமாக ஐஸ் போட்ட ஒரு பானத்தைக் குடித்துவிட்டு, அதை வீட்டில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் இவர்கள். ‘ஹைபிஸ்கஸ் டீ’ என்று பெயர் சொல்லியிருப்பார்கள். ஹைபிஸ்கஸ் என்றால் செம்பருத்திதானே என்று வாங்கிவந்து கொதிநீரில் போடுகிறார்கள். ஊதா கலந்த மங்கல் நிறத்தில், புளிப்பு என்பதே இல்லாமல், சற்று வழவழப்பாக ஒரு தண்ணீர் வருகிறது.

கடைக்காரர் மீது பிழையில்லை, கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி, ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்ற செடி. உலகம் முழுக்கக் குளிரக் குளிரக் குடிக்கப்படும் அந்தச் சிவப்புப் பானம், அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு செடியான ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபாவிலிருந்து வருகிறது. ரோசெல் என்று வணிகத்தில் சொல்லப்படும் இந்தச் செடி தமிழருக்கு அந்நியமும் அல்ல. ஆந்திரத்துக் கோங்கூராவும், நம் ஊரில் புளிச்சக்கீரை என்று கட்டுக் கட்டாக விற்கும் கீரைகளில் ஒருவகையும் இதுதான். கொங்கு நாட்டில் கடைசல் செய்து சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் இந்தச் செடியின் இலையை நன்றாக அறிவார்கள். பூத்து முடிந்த பிறகு அதில் என்ன விளைகிறது என்பதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. இலைக்காகப் பயிரிடும்போது, அது பூக்கும் வரை யார் விட்டுவைக்கிறார்கள்?

விட்டுவைத்தால், வெளிர்மஞ்சள் இதழும் நடுவில் கருஞ்சிவப்புக் கண்ணுமாக ஒரு பூ மலரும். ஒரே நாளில் வாடிவிடும். பானத்துக்கு அந்த இதழ்கள் தேவையே இல்லை. அவை உதிர்ந்தபின், அடியில் இதழ்களைத் தாங்கி நின்ற புல்லிவட்டம் சதைபிடித்துப் பருக்கத் தொடங்கும். உள்ளே விதைக்காய், அதைப் பொத்திப் பிடித்தாற்போல ஐந்து கூரிய விரல்களோடு ஒரு சிவப்புக் கிண்ணம். கடையில் ‘காய்ந்த ஹைபிஸ்கஸ் பூ’ என்று விற்கப்படுவது இந்தக் கிண்ணம்தான்.

அதன் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்துக்குக் கருநீலத்தைத் தருவதும் இதே இனத்து நிறமிதான். புளிப்பு சேர்ந்தால் இது செக்கச் சிவக்கும். காரம் சேர்ந்தால் பச்சைக்கும் நீலத்துக்கும் போகும். பள்ளியில் செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சையும் சோப்புத் தண்ணீரும் விட்டு நிறம் மாறுவதைப் பார்த்த நினைவு பலருக்கு இருக்கும். புளிச்சையின் கிண்ணத்திலோ சிட்ரிக், மாலிக் போன்ற அமிலங்கள் இயல்பாகவே நிறைய இருப்பதால், வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமலே நிறம் சிவப்பாக நிற்கிறது. வாசல் செம்பருத்தி வாங்கி ஏமாந்தவர்கள் அந்தக் கஷாயத்தில் எலுமிச்சை பிழிந்தால் அதுவும் இளஞ்சிவப்பாகும். குடிக்கத் தீங்கில்லாத நல்ல பானம்தான். ஆனால் அவர்கள் தேடிய ருசி அதில் கிடைக்காது.

அந்த ருசியின் தலைநகரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் சூடானைத்தான் சொல்ல வேண்டும். அங்கே இதன் பெயர் கர்கடே. மேற்கே கொர்டோஃபான், டார்ஃபூர் பகுதிகளின் மணற்பாங்கான நிலத்தில், பாசனம் இல்லாமல், மழையை மட்டும் நம்பி விளைகிறது. சிறு விவசாயக் குடும்பங்களின் பயிர். பெண்களின் உழைப்பு இதில் மிக அதிகம். மழைக்காலத்தில் விதைத்து, ஆண்டின் கடைசியில் பறித்து, ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் விதைக்காயைக் கையால் பிதுக்கி வெளியே தள்ளிக் காயவைக்க வேண்டும். பத்துக் கிலோ பச்சையாகப் பறித்தால் காய்ந்தபின் ஒரு கிலோ தேறும். உலகச் சந்தையில் அளவால் பெரியவை சீனாவும் தாய்லாந்தும் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் 2004-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. அதே அறிக்கை, உலகிலேயே சிறந்த கர்கடே சூடானுடையது, ஆனால் பதப்படுத்தும் வசதிகள் போதாமல் அதன் தரம் அடிபடுகிறது என்றும் வருந்தியது. 2023 ஏப்ரலில் அங்கே மூண்ட உள்நாட்டுப் போர் கொர்டோஃபானையும் டார்ஃபூரையும் சூறையாடியிருக்கிறது. ஒரு பொட்டலத்தில் ‘சூடான் விளைச்சல்’ என்று அச்சிட்டிருந்தால், அது எத்தனை இடரைத் தாண்டி வந்திருக்கும் என்பதை வாங்குகிறவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது தகும்.

சூடானின் வடக்கு எல்லையைத் தாண்டினால் எகிப்தின் அஸ்வான். அந்த ஊர்ச் சந்தையில் மசாலா மூட்டைகளுக்கு நடுவே கர்கடே குவிந்து கிடக்கும். நைல் நதிப் பயணம் போகிறவர்கள் வாங்காமல் திரும்புவது அரிது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகலில் இதே பானம் பிஸாப். புதினாவும் சில சமயம் வெனிலாவும் சேர்த்துச் சில்லென்று விற்கிறார்கள். அங்கே விவசாயிகள் இரகம் பார்த்து விதைக்கிறார்கள்: ‘விம்டோ’ என்ற இரகம் கருஞ்சிவப்பு, ‘கூர்’ என்ற இரகம் நிறம் குறைந்து புளிப்பு மிகுந்தது. நைஜீரியாவில் இஞ்சியும் கிராம்பும் போட்டு ஸோபோ என்பார்கள். அந்நாட்டின் வடபகுதியில் விளையும் பூ கப்பல் ஏறி மெக்சிகோ வரை போகிறது. ஏனென்றால் சொந்த விளைச்சல் போதாத அளவுக்கு மெக்சிகோக்காரர்கள் இதைக் குடிக்கிறார்கள். குவரெரோ மாநிலத்தில் ஏராளமாகப் பயிரிட்டும் பற்றவில்லை. அங்கே சாப்பாட்டுக் கடை எதில் நுழைந்தாலும், பெரிய கண்ணாடி ஜாடிகளில் ஒன்றிலாவது இந்தச் சிவப்பு நீர் இருக்கும். ஜமைக்காத் தீவிலோ இது கிறிஸ்துமஸ் பானம். இஞ்சி தட்டிப்போட்டு, ரம் ஊற்றி, இரவெல்லாம் ஊறவைத்துக் குடிக்கிறார்கள்.

அமெரிக்காவின் மூலிகைத் தேநீர் வணிகத்தையே இந்தப் புளிப்பு மாற்றியது என்று சொல்லலாம். கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் தொடங்கிய செலஸ்டியல் சீசனிங்ஸ் நிறுவனம் 1972-இல் ‘ரெட் ஸிங்கர்’ என்றொரு கலவையைக் கொண்டுவந்தது. அதன் சிவப்பும் சுள்ளென்ற புளிப்பும் ஹைபிஸ்கஸ் கொடுத்தவை. அதன்பிறகு ‘பெர்ரி’ என்று பெயர் சூட்டிக்கொண்ட எத்தனையோ தேநீர்ப் பைகளில் பெர்ரியைவிட இதுதான் அதிகம் இருக்கிறது. பெட்டியைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

சரி, எங்கே வாங்குவது?

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு எளிய வழி மெக்சிகோ மளிகைக் கடை. மிளகாய் வற்றல் வைத்திருக்கும் பக்கத்திலேயே ‘ஃப்ளோர் டி ஹமைக்கா’ என்று மொத்தமாகக் கொட்டி வைத்திருப்பார்கள். தேநீர்ப் பையாக வாங்குவதைவிடப் பன்மடங்கு மலிவு. லண்டன், டொராண்டோ பக்கம் கரீபியக் கடைகளில் ‘சாரல்’ என்று கேட்க வேண்டும். வளைகுடா நாடுகளில் எகிப்தியர், சூடானியர் நடத்தும் கடைகளில் கர்கடே என்றால் போதும். மலேசியாவில் திரங்கானு மாநிலம் இதன் விளைச்சலுக்குப் பெயர்பெற்றது. ரோசெல் என்றே பாட்டிலிலும் பொட்டலத்திலும் விற்கிறது. தமிழ்நாட்டில் இயற்கை அங்காடிகளிலும் இணையத்திலும் இப்போது கிடைக்கிறது. ஆனால் ‘ஹைபிஸ்கஸ்’ என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. பொட்டலத்தில் ‘சப்டாரிஃபா’ என்றோ ரோசெல் என்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுத்தை நம்பாதவர்கள் பொருளையே பார்க்கலாம். காகிதம்போல மெல்லிய, நீளமான, சுருங்கிய இதழ்களாக இருந்தால் அது வாசல் செம்பருத்தி. தடித்து, சுருண்டு, ஐந்து விரல் தெரிகிற கிண்ணமாக இருந்தால் தேடிய பொருள். நல்ல சரக்கு கருஞ்சிவப்பாக, உலர்ந்த திராட்சையைப்போல் லேசாக வளையும். பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகிறது என்றால் வெயிலில் அதிகம் கிடந்ததாகவோ பழையதாகவோ இருக்கும். பொடியாகவோ துண்டுகளாகவோ விற்பதைத் தவிர்ப்பது மேல். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. திறந்தவெளியில் காயவைக்கும் பொருள் என்பதால் மணல் இருக்கும். ஒருமுறை குளிர்ந்த நீரில் சட்டென்று அலசி எடுத்தால் போதும். நேரம் கடத்தினால் நிறமும் அலசிய தண்ணீரோடு போய்விடும்.

போடும் முறையில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். டீத்தூளைக் கொதிக்கவிடுகிற பழக்கத்தில் இதையும் கொதிக்கவிட்டால் நிறம் மங்கி, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு ஏறிவிடும். வேகமாக வேண்டுமென்றால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, 15 முதல் 20 கிராம் வரை பூவைப் போட்டு மூடி, கால்மணி நேரம் கழித்து வடிகட்டலாம். அதைவிட அருமையானது பச்சைத் தண்ணீர் ஊறல். அதே அளவுப் பூவைக் குடிநீரில் போட்டு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் வடிகட்டினால், துவர்ப்பு குறைந்து பழச்சாறுபோன்ற தெளிந்த புளிப்பு கிடைக்கும். பொறுமை இருப்பவர்கள் இந்த வழியையே பிடித்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் கண்ணாடியோ எவர்சில்வரோ பீங்கானோ இருக்கட்டும். அலுமினியமும் இரும்பும் ஈயம் பூசாத பித்தளையும் இந்தப் புளிப்புக்கு ஆகாது. உப்புத்தன்மை மிகுந்த போர்த் தண்ணீரில் போட்டால் சிவப்பு கருத்து மங்கும். நல்ல குடிநீரே வேண்டும்.

சர்க்கரை குளிர்ந்த ஊறலில் எளிதில் கரையாது. கொஞ்சம் வெந்நீரில் பாகுபோலக் கரைத்து ஊற்றலாம். பனங்கற்கண்டு நன்றாகப் பொருந்துகிறது. கருப்பட்டி நிறத்தையும் மணத்தையும் அமுக்கிவிடுகிறது. இஞ்சி, பட்டை, கிராம்பு, புதினா, எது சேர்த்தாலும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பால் மட்டும் சேர்க்கக் கூடாது, திரிந்துவிடும்.

இதில் காஃபீன் கிடையாது என்பதால் மாலையில் குடித்தாலும் தூக்கம் கெடாது. இது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்ற பேச்சுக்கும் ஓரளவு அடிப்படை உண்டு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அழுத்தம் சற்றே உயர்ந்திருந்த 65 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஆறு வாரம் தினமும் மூன்று கோப்பை குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. அதேபோன்ற சுவையுள்ள போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளிதான் குறைந்தது. ஆறு வாரம் நடந்த சிறிய ஆய்வு அது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. சொல்லப்போனால், ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் இதைத் தினமும் குடிப்பதற்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை அதிகமாக இறக்கிவிடக் கூடும். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே பாதுகாப்பு. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இவ்வளவு தேடி, பொட்டலம் புரட்டி வாங்குவதைவிட, கொஞ்சம் இடம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சிவப்புத் தண்டுப் புளிச்சை விதையை ஆடி, ஆவணியில் ஊன்றினால், பகல் குறுகத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் செடி பூக்கும். இது நாளின் நீளம் பார்த்துப் பூக்கும் பயிர். தை மாதத்தில் விதைத்துவிட்டுச் சித்திரையில் பூவை எதிர்பார்த்தால் இலைதான் மிஞ்சும். ஆள் உயரம் வளர்ந்து பக்கவாட்டிலும் பரவும் என்பதால் செடிக்குச் செடி ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். பூ உதிர்ந்து இரண்டு மூன்று வாரத்தில், கிண்ணம் பருத்து, ஆனால் விதைக்காய் முற்றி வெடிப்பதற்குமுன் பறிக்க வேண்டும். அடிப்பக்கம் வட்டமாகக் கீறிவிட்டுக் காயைப் பின்னாலிருந்து தள்ளினால் கிண்ணம் உடையாமல் கழன்றுவரும். நிழலில், காற்றோட்டமாக, மெல்லிய துணி மூடிக் காயவைத்து, காற்றுப்புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வைத்தால் அடுத்த கோடைவரை நிறம் நிற்கும். நன்றாக வளர்ந்த ஒரு செடி ஒரு கிலோ அளவுக்குப் பச்சைக் கிண்ணம் தரும். காய்ந்தபின் அது சுமார் நூறு கிராம், அதாவது ஐந்தாறு லிட்டர் பானம். நாலு செடி வைத்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். இலையைக் கீரைக்கும் கிள்ளிக்கொள்ளலாம். நாலைந்து காய்களை மட்டும் செடியிலேயே முற்றவிட்டால் அடுத்த ஆடிக்கு விதை தயார்.

வடிகட்டியபின் மிஞ்சும் சக்கையையும் மெக்சிகோவில் எறிவதில்லை. வெங்காயத்தோடு வதக்கி ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஜார்க்கண்டில் இந்தக் கிண்ணத்தையே அரைத்துத் துவையலாக்குவது வழக்கம். நம் அடுப்படியிலும் அது எளிதாக நடக்கும். உளுந்தும் வற்றல் மிளகாயும் வறுத்து, சக்கையைச் சேர்த்து, உப்புப் போட்டு அரைத்து, கடுகு தாளித்தால் போதும். புளி வைக்க வேண்டியதே இல்லை.