எடை மேடையில் அறுபது கிலோ

திகில் கதை ஒன்றை மேஜையில் நடத்திக்கொண்டிருந்தேன். பாதியில் நாற்பது நிமிஷம் கதை அப்படியே நின்றுபோனது. ஆடிக்கொண்டிருந்த நாலு பேரும் மூடிக்கிடக்கும் ஒரு கம்பி மில்லுக்குள் நிற்கிறார்கள். மேலாளர் அறை டிராயருக்கு அடியில் பழைய கேட் பாஸ் ஒன்று ஒட்டிக் கிடக்கிறது. அது கிடைத்தால்தான் அடுத்து எங்கே போவது என்று தெரியும். தேடுகிறோம் என்றார்கள், பகடை உருட்டினார்கள், நாலு பேருக்கும் விழவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், வாட்ச்மேனிடம் மூன்றாவது தடவையாகப் போய்ப் பேசினார்கள். கடைசியில் கல்லூரிப் பையன் கேட்டான்: "அண்ணா, நாங்க ஏதாவது தப்பா ஆடுறோமா?"

அவர்கள் சரியாகத்தான் ஆடினார்கள். கதையை எழுதின என் தப்பு அது. அதே கதையில் இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருந்தேன், அது தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. இரண்டையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் தட்டுறேன்" என்பார் ஒருவர், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நடத்துபவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்று நிச்சயமில்லாத இடத்தில் பகடை. 1974ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். அதில் வாள், மந்திரம், புதையல். 1981ல் கேயாசியம் என்ற கம்பெனி, சாண்டி பீட்டர்சன் எழுதிய கால் ஆஃப் கதுலு என்ற விளையாட்டை வெளியிட்டது. எச்.பி. லவ்கிராஃப்ட்டின் கதைகளை வைத்துச் செய்தது. அதில் நாயகர்கள் நூலகர், பத்திரிகைக்காரர், டாக்டர் மாதிரி சாதாரண ஆட்கள். பேயோடு சண்டை போட்டால் செத்துப்போவார்கள். என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை.

நாங்கள் கூடுவது பொன்னேரியில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ஞாயிறு மதியம். லேத் அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபது வருஷமாக லேத் ஓட்டுகிறார். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், ஒரு டீச்சரக்கா, நான். விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டு கதையை மட்டும் நம்ம ஊரில் வைத்துக்கொள்கிறோம்.

சரி, அந்த நாற்பது நிமிஷத்துக்கு வருகிறேன். கால் ஆஃப் கதுலுவில் ஒவ்வொரு திறமைக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு எண் உண்டு. தேடும் திறமை 40 என்றால் பகடையில் 40 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். நாலு பேரும் தேடினால் யாருக்காவது விழுந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒருவர் தவறவிட 60 சதவீதம். நாலு பேரும் சேர்ந்து தவறவிட 0.6ஐ நாலு தடவை பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 13 சதவீதம். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் என் கதையில் இப்படி ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து தடயங்கள். ஐந்தும் கிடைக்க 0.87ஐ ஐந்து தடவை பெருக்கினால் பாதிக்குப் பாதி. அதாவது நான் எழுதின கதை இரண்டு தடவை நடத்தினால் ஒரு தடவை நடுவழியில் நின்றுபோகும். ராத்திரி பதினொரு மணிக்கு அந்தக் கணக்கைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது.

இதை எனக்கு முன்னாலேயே பலர் யோசித்திருக்கிறார்கள். ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ என்ற விதிமுறை இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. கென்னத் ஹைட் அதை வைத்து 2008ல் டிரெயில் ஆஃப் கதுலு எழுதினார். அதில், சரியான இடத்தில் சரியான திறமை உள்ளவர் தேடினால் முக்கியமான தடயம் கிடைத்தே தீரும், பகடை கிடையாது. தடயம் கிடைக்குமா என்பதில் சுவாரசியம் இல்லை, கிடைத்த தடயத்துக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் இருக்கிறது என்பது லாஸின் வாதம். அதே 2008ல் ஜஸ்டின் அலெக்சாண்டர் மூன்று தடய விதி என்று ஒன்றை எழுதினார். ஆடுபவர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றால், அந்த முடிவைக் காட்டும் தடயம் குறைந்தது மூன்று வையுங்கள். ஒன்றைப் பார்க்காமல் விடுவார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

நான் இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறேன். என் அனுபவத்தில் ஒன்று சேர்க்க வேண்டும்: மூன்று தடயமும் மூன்று விதமாக இருக்கணும். ஒன்று காகிதம், ஒன்று பொருள், ஒன்று மனுஷர். மூன்றும் காகிதமாக இருந்தால் டீச்சரக்கா மட்டும்தான் ஆடுவார். லேத் அண்ணன் டீ குடிக்கப் போய்விடுவார்.

அடுத்த கேள்வி பயம் எங்கிருந்து வருகிறது என்பது. இந்தப் பக்கத்தில் திகிலுக்கு இடம் தேடினால் முதலில் தோன்றுவது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613ல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது, தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கிய கல். இதைவிட என்ன வேண்டும் என்று என் முதல் கதையை அங்கேதான் வைத்தேன். யாரும் பயப்படவில்லை. "போன மாசம்தான் பைக்ல போனோம்ணா, போட்டோல்லாம் எடுத்தோம்" என்றான் ஒருவன். பயமுறுத்தவே செதுக்கின இடம் பயமுறுத்தாது போலிருக்கிறது. மண்டை ஓட்டைப் பார்த்ததுமே ஆள் தயாராகிவிடுகிறான்.

தினமும் பார்க்கிற சாதாரண சாமான் ஒன்று ஒரே ஒரு விஷயத்தில் தப்பாக நடந்தால்தான் எங்கள் மேஜை அமைதியாகிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு உருக்குகிற ஆலைகள், கம்பி மில்கள் நிறைய. பழைய இரும்பு லாரி உள்ளே போகும், கம்பி லாரி வெளியே வரும், இரண்டும் எடை மேடையில் ஏறும். லாரி இறங்கினதும் டிஸ்ப்ளேயில் பூஜ்யம் வர வேண்டும். என் கதையில் (மில் கற்பனை, பெயர் வைக்கவில்லை) மில் மூடிப் பல வருஷம் ஆகிறது, எடை மேடையை மட்டும் வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் காலி மேடை 60 கிலோ காட்டுகிறது. பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் ஆக்கினால் கொஞ்ச நேரத்தில் திரும்ப 60.

இதைச் சொன்னதும் லேத் அண்ணன் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, "லோட் செல் ஒயருல தண்ணி ஏறியிருக்கும். இல்லன்னா மேடைக்கு அடியில மண் அடைச்சிருக்கும்" என்றார். அதுதான் எனக்கு வேண்டியது. கல்லூரிப் பையன், "அறுபது கிலோன்னா ஒரு ஆளு வெயிட்டுண்ணா" என்றான். இரண்டும் மேஜையில் கிடக்கிறது. தொண்ணூறுகளில் சன் டிவியில் மர்மதேசம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. விடாது கருப்பு வாரக்கணக்கில் நம்மைப் பிடித்து வைத்திருந்ததற்குக் காரணம், செய்வது சாமியா மனுஷனா என்ற கேள்வியில் ஒரு பக்கமும் சாயாமல் ஓடியதுதான். நடத்துபவருக்கு என் ஆலோசனை: மெக்கானிக் சொல்லும் காரணத்தைக் கடைசிவரை சாகவிடாதீர்கள். கேபிளை மாற்றச் சொன்னால் மாற்ற விடுங்கள். இரண்டு நாள் பூஜ்யம் காட்டட்டும்.

இன்னொரு மாற்றமும் செய்தேன். கால் ஆஃப் கதுலுவில் சேனிட்டி என்று ஒரு எண் உண்டு. பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க அது குறையும், கடைசியில் ஆள் பைத்தியமாவார். எனக்கு இது ஒருபோதும் பிடித்ததில்லை, மனநோயை விளையாட்டுத் தண்டனையாக வைப்பது. அதற்குப் பதில் தூக்கம் என்று வைத்தேன். ஆளுக்குப் பத்து. நைட் ஷிப்ட் பார்த்தால் ஒன்று போகும், பார்க்கக்கூடாததைப் பார்த்தால் இரண்டு போகும், பகலில் அனல் கூரைக்கு அடியில் படுத்தால் ஒன்றுதான் திரும்பி வரும். மூன்றுக்குக் கீழே போனவர் கேட்கும் கேள்விக்கு நான் ஒரு பொய்யும் கலந்து பதில் சொல்லலாம். ஷிப்ட் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இதெல்லாம் திருத்தி, மறு ஞாயிறு முதலிலிருந்து நடத்தினேன். அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது இது: பத்து வருஷம் முன்னால் ஒரு ராத்திரி ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உள்ளே போனார், வெளியே வரவில்லை, அப்படி ஒருவர் இருந்ததாகவே பிறகு யாரும் சொல்லவில்லை. காகிதம்: கேட் ரிஜிஸ்டரில் அன்றைக்கு உள்ளே 23 கைநாட்டு, வெளியே 22. பொருள்: தொழிலாளர் தங்கின கொட்டகையில் எட்டுப் பெயர் எழுதின பட்டியல், ஆனால் ஒன்பது தட்டு. மனுஷர்: எதிரே டீக்கடைக்காரரின் கடன் நோட்டில் ஒரு பக்கம் மட்டும் அடிக்கப்படாமல் இருக்கிறது. கதை தண்ணீர் மாதிரி ஓடியது. மூன்றையும் கண்டுபிடித்தார்கள். டீச்சரக்கா ரிஜிஸ்டரை எண்ணி முடித்ததும் அறையில் பேச்சே இல்லை. நடத்துபவனுக்கு அந்த அமைதி போதை.

லேத் அண்ணன் மட்டும் பகடையைக் கீழே வைத்துவிட்டார். "உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. புதன்கிழமை ஸ்டேஷனில் பார்த்தேன். சென்னைப் பக்கம் போகும் வண்டி லேட். அவர் பல வருஷம் முன்னால் வேலை பார்த்த ஓர் இடத்தில் இந்த மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. பேய் கிடையாது, மற்றதெல்லாம் அதேதான். விவரம் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாதுண்ணே, வேணும்னு பண்ணலை என்றேன்.

"அது எனக்கும் தெரியும்டா. நீ அதை எடுத்ததுல கோவம் இல்ல. வாட்ச்மேனுக்குப் பேர் வச்சிருக்கே. டீக்கடைக்காரருக்கு வச்சிருக்கே. அவன் நாய்க்குட்டிக்குக்கூட வச்சிருக்கே. செத்தவனுக்கு என்ன பேரு?"

என் குறிப்பு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். "ஒடிசா பையன்" என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான்.

பேரை மறைத்த மேலாளரைக் கொடியவனாக வைத்துக் கதை எழுதியவன் நான். வேலைக்கு எடுத்தவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது என்று டீச்சரக்காவுக்கு விளக்கமெல்லாம் கொடுத்தேன். என் நோட்டிலும் அந்த வரி காலி. திகில் கதை எழுதுகிறவர்களுக்கு இது சுலபமாக நடக்கும் என்று இப்போது நினைக்கிறேன். செத்தவர் கதைக்குத் தேவைப்படுவது கடைசியில் வந்து பயமுறுத்துவதற்கு மட்டும். அதனால் அவருக்கு ஒரு உருவம் கொடுக்கிறோம், ஈரத் தடம் கொடுக்கிறோம், சத்தம் கொடுக்கிறோம். அவர் எந்த டீ குடிப்பார் என்று யோசிப்பதில்லை. பழவேற்காட்டிலும் இதைத்தான் செய்திருக்கிறேன். டச்சுக்காரர்கள் அந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். பெயர் வெட்டின கல் இருக்கிறவர்களைத்தான் நான் பேயாக எழுப்பினேன்.

இது நடப்பதற்கு முன்பே எக்ஸ் கார்டு பற்றிப் படித்திருந்தேன். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் கொண்டு வந்தது. எக்ஸ் போட்ட அட்டை ஒன்று மேஜை நடுவில் இருக்கும். கதை போகிற போக்கு யாருக்காவது தாங்கவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம், அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். நம்மாட்களுக்கு எதுக்கு இதெல்லாம் என்று விட்டுவிட்டேன். இப்போது பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். இதுவரை ஒரு தடவை தொட்டிருக்கிறார்கள். தொட்டது கல்லூரிப் பையன், பாம்புக்காக.

கதையைத் திரும்ப எழுத லேத் அண்ணனே உட்கார்ந்தார். பெயர் அவர் வைத்தது, அதனால் இங்கே எழுதவில்லை. அந்த ஆள் ஊருக்குப் பணம் அனுப்புகிற நாள், மாத்திரை வாங்குகிற மெடிக்கல், யாரிடமோ கற்றுக்கொண்ட நாலு தமிழ் வார்த்தை, எல்லாம் வந்தது. தடயங்கள் மூன்றிலிருந்து ஏழானது. டீக்கடை நோட்டில் அவர் பெயர் தமிழில், எழுத்துப்பிழையோடு இருக்கிறது, ஏனென்றால் டீக்கடைக்காரர் ஒருவர்தான் பெயரைக் கேட்டு எழுதியவர். பயம் குறையும் என்று நினைத்தேன். கூடித்தான் போனது. ஆளைத் தெரிந்த பிறகு 60 என்ற எண்ணைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

போன மாதம் அதை நடத்தி முடித்தோம். கடைசிக் காட்சியில் டீச்சரக்காவின் பாத்திரம் கேட் ரிஜிஸ்டரில் இருபத்திமூன்றாவது ஆளின் பெயரை எழுதி, வெளியே போன நேரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டது. போலீஸுக்குப் போவதா, ஊருக்குத் தகவல் சொல்வதா என்று கால் மணி நேரம் சண்டை. தகவல் முதலில் என்று முடிவானது. பிறகு கல்லூரிப் பையன், "இப்ப மேடையில என்ன காட்டுதுண்ணா?" என்றான். நான் அதை முடிவு பண்ணி வைக்கவில்லை. லேத் அண்ணனைப் பார்த்தேன்.

"அறுபதுதான்" என்றார், பகடையைப் பையில் போட்டுக்கொண்டே.