கட்டிய சுவரும் கட்டாத சுவரும்: அணுமின் நிலையங்களில் இழைவழி வலுவூட்டல்

மொழி மன்றத்தின் மேடையில் மொழியியல் பயின்ற ஒருவர் சுவரைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இதற்குக் காரணம் ஒரு பிழை. அதுவும் நாம் செய்த பிழை. சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கட்டடப் பொறியியல் கலைச்சொற்பட்டியல் ஒன்றைச் செப்பம் செய்தோம். கூரையின் பளுவையோ மேல்தளத்தின் பளுவையோ ஏற்காமல், அறைகளைப் பிரிப்பதற்கென்றே எழுப்பப்படும் சுவரைச் 'சுமை தாங்காச் சுவர்' எனக் குறித்தோம். அருகில் விளக்கமாக, 'வலிமை பற்றிய கணக்கீடு வேண்டாதது' என்றும் சேர்த்தோம். பட்டியலைப் பார்வையிட்ட பொறியாளர் அன்பர் ஒருவர் அவ்விளக்கத்தின் கீழே கோடிட்டு, 'டிரோஜன் நிலையத்தைக் காண்க' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். அக்குறிப்பைத் தொடர்ந்து சென்று நாம் கற்றவற்றின் சுருக்கமே இப்பொழிவு.

டிரோஜன் தந்த பாடம்

டிரோஜன் என்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இயங்கிவந்த அணுமின் நிலையம். 1979ஆம் ஆண்டில் அந்நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், குழாய்த் தாங்கிகளைக் காங்கிரீட்டுடன் பிணைக்கும் மரையாணிகளைச் சரிபார்க்குமாறு நிலையங்களைப் பணித்தது. டிரோஜனில் அப்பணி நடைபெற்றபோது, ஆணியைச் சோதிக்கச் சென்றவர்களுக்கு ஆணியைத் தாங்கிய சுவரே ஐயத்திற்குரியதாயிற்று. நிலநடுக்கத்தின்போதும் சிதையாமல் இருந்தாக வேண்டிய குழாய்கள் சில, சிமெண்ட் கற்களைச் சாந்திட்டு அடுக்கி எழுப்பிய சுவர்களில் பொருத்தப்பட்டிருந்தன. அப்பளுவை அச்சுவர்கள் ஏற்குமா என்பதை முன்னரே உறுதிசெய்வதற்குரிய வடிவமைப்பு அளவுகோல்களும் நடைமுறைகளும் போதியனவாக இல்லை.

1980 மே 8ஆம் நாள், ஆணையம் 80-11 என்னும் எண்ணுடைய சுற்றறிக்கையை வெளியிட்டது. பாதுகாப்புக் கருவிகள் பொருத்தப்பட்ட கற்கட்டுச் சுவர்கள் மட்டுமல்லாமல், அக்கருவிகளுக்கு அருகில் நிற்கும் கற்கட்டுச் சுவர்களும் கணக்கெடுக்கப்பட வேண்டும் என்று அது கேட்டது. 'அருகில் நிற்கும்' என்பது இங்கு எண்ணிப் பார்க்கத்தக்க தொடர். சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை. விழுந்தாலே போதும், கேடு விளையும்.

அணுமின் நிலையத்தில் இத்தகைய சுவர்கள் ஏன் இருக்கின்றன என்று கேட்கலாம். அணுவுலையைச் சூழ்ந்த காப்புக் கட்டடம் வலுவூட்டிய காங்கிரீட்டால் ஆனது. அதைப் பற்றி நாம் பேசவில்லை. அதை அடுத்துள்ள துணைக் கட்டடங்களில் அறைகளைப் பிரிக்கவும், தீப்பரவலைத் தடுக்கவும், கதிர்வீச்சை மறைக்கவும் கற்கட்டுச் சுவர்கள் எழுப்பப்பட்டன. பெரிய எந்திரங்களை உள்ளே கொண்டுசென்ற பின்னர், விட்டுவைத்த திறப்பைக் கற்களால் அடைப்பதும் உண்டு.

நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உடைய ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். துளைகளில் காங்கிரீட் நிரப்பப்பட்ட 20 சென்டிமீட்டர் தடிப்புள்ள சுவராயின், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோகிராம் எடை உண்டு. முழுச் சுவரும் ஏறக்குறைய 4,800 கிலோகிராம். நிலம் பக்கவாட்டில் அசையும்போது அந்த எடையே விசையாகி அச்சுவரைத் தாக்கும். சுமை தாங்காச் சுவர் என்று நாம் பெயரிட்ட சுவர், தன்னையே சுமையாகத் தாங்க வேண்டியிருக்கிறது.

'கட்டு' என்னும் வினை

தமிழில் 'கட்டு' என்னும் வினைக்குப் பிணித்தல் என்றும் எழுப்புதல் என்றும் பொருள் உண்டு. பூவைக் கட்டுகிறோம், காயத்திற்குக் கட்டுப் போடுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம். ஆயின், கம்பியிடாத கற்கட்டுச் சுவர் எழுப்பப்பட்டதேயன்றிப் பிணிக்கப்பட்டதன்று. ஒரு கல்லின்மேல் மற்றொரு கல் அமர்ந்திருக்கிறது, இடையில் சாந்து ஒட்டியிருக்கிறது, அவ்வளவே.

புத்தகங்கள் பத்தை வரிசையாக வைத்து, இரு கைகளாலும் இருபுறமும் அழுத்தித் தூக்கினால் வரிசை கலையாமல் வரும். கையைச் சற்றுத் தளர்த்தினால் நடுவிலிருந்து சரியும். அமுக்குவிசை இருக்கும்வரை அவை ஒன்றாக இருக்கும். இழுவிசைக்கு அவற்றிடம் விடை இல்லை. கற்கட்டுச் சுவரும் இத்தகையதே. சாந்துப் பொருத்து தாங்கக்கூடிய இழுவிசை, அச்சுவர் தாங்கும் அமுக்குவிசையில் பத்தில் ஒரு பங்கிற்கும் மிகக் குறைவு.

சுவரைப் பக்கவாட்டில் தள்ளினால் அது வளைய முயலும். தள்ளும் பக்கத்து முகம் அமுங்கும். மறுபக்கத்து முகம் இழுபடும். இழுபடும் முகத்தில் சாந்துப் பொருத்து வாய்திறக்கும். நிலநடுக்கத்தில் விசை நொடிக்குள் திசை மாறுவதால், இப்போது அமுங்கிய முகம் அடுத்த கணம் இழுபடும். எனவே இருமுகங்களுக்கும் பிணிப்பு வேண்டும்.

எஃகுத் தூணும் இழைத் தாளும்

முற்காலத் தீர்வு, சுவரை ஒட்டி எஃகுத் தூண்களை நிறுத்தி அதனுடன் பிணைப்பது. இது நன்கு பழகிய முறை. ஆனால் அணுமின் நிலையத்தின் அறைகளில் குழாய்களும் மின்வடங்களும் நெருக்கமாக ஓடுகின்றன. கனத்த எஃகை உள்ளே நகர்த்துவதும், துளையிடுவதும், பற்றவைப்பதும் எளியன அல்ல. கதிர்வீச்சுள்ள இடமாயின், பணியாளர் அங்கே செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும்.

இங்குதான் இழை வலுவூட்டிய பல்லுறுப்பி வருகிறது. பாலிமரைப் பல்லுறுப்பி என்றும் பலபடி என்றும் தமிழகத்தார் வழங்குவர். இலங்கைப் பாடநூல்கள் பல்பகுதியம் என்னும். எச்சொல்லைக் கொண்டாலும், இத்தொடரில் இருவேறு பொருள்கள் உள்ளன என்பதை மறத்தலாகாது. இழுவிசையைத் தாங்குவது இழை. இழைகளை ஒன்றுசேர்த்துப் பிடித்து, சுவரிலிருந்து வரும் விசையை அவற்றுக்குக் கடத்துவது பிசின். கார்பன் இழையின் இழுவலிமை, கட்டடங்களில் இடும் எஃகுக் கம்பியினுடையதைப்போல் பல மடங்கு; அடர்த்தியோ எஃகினுடையதில் நான்கில் ஒரு பங்களவே. நாம் கண்ட பன்னிரண்டு சதுர மீட்டர்ச் சுவரின் இருமுகங்களிலும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் தாள் ஒட்டினால், கூடும் எடை 40 கிலோகிராமைத் தாண்டாது.

செய்முறை இது. சுவரின் பழைய வண்ணப்பூச்சையும் தூசியையும் நீக்கித் தேய்ப்பர். மேடுபள்ளங்களைப் பசையால் நிரவுவர். எப்பாக்சிப் பிசினில் தோய்ந்த இழைத்துணியை ஒட்டி, உள்ளே காற்றுக்குமிழ் தங்காதவாறு உருளையால் அழுத்துவர். இறுகிய பின், தட்டிப் பார்த்து வெற்றொலி எழும் இடங்களைக் குறிப்பர். சிறு வட்டுகளை ஒட்டி இழுத்து, பிணைப்பின் வலிமையை அளப்பர்.

தென் கரோலினா மாநிலத்தில், கியோவி ஏரிக்கரையிலுள்ள ஒக்கோனி நிலையம் இம்முறையைக் கையாண்ட இடங்களுள் ஒன்று. அதன் மூன்று உலைகளும் 1973, 1974ஆம் ஆண்டுகளில் மின்வணிகத்திற்கு வந்தவை. அங்கே வலுவூட்டலுக்குரிய காரணம் டொர்னேடோ எனும் சுழற்காற்று. காற்றுத் தள்ளுவதோடு வெளியே காற்றழுத்தமும் திடீரெனக் குறைவதால், அறைக்குள் இருக்கும் காற்றே சுவரை வெளிநோக்கித் தள்ளும். துணைக் கட்டடச் சுவர்கள் சிலவற்றிற்கு இழைத்தாள் ஒட்ட, இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் முறைப்படி கோரப்பட்டது. ஓட்டுவது எளிதாயினும் ஒப்புதல் எளிதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

வலுவூட்டலின் எல்லைகள்

இம்முறையின் குறைகளையும் கூறுதல் கடமை. முதலாவது, இழையின் வலிமை முழுவதும் பயன்படுவதில்லை. இழை அறுபடுமுன், தாள் சுவரின் மேற்பரப்பைப் பெயர்த்துக்கொண்டு உரிந்து வருவதே பெரும்பாலும் நிகழ்வது. ஆகவே, கற்கட்டுச் சுவர்களுக்கென அமெரிக்கக் காங்கிரீட் கழகம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியும், இழை நீளக்கூடிய அளவுக்குக் கடுமையான வரம்பு விதிக்கிறது. காயக்கட்டு தோலைவிட உறுதியாய் இருந்து பயன் என்ன?

இரண்டாவது, எஃகு முறியுமுன் நெடிது நீண்டு எச்சரிக்கும், இழை எச்சரிப்பதில்லை. 'வலிமை' என்பதும் 'நீண்டு கொடுக்கும் தன்மை' என்பதும் ஒன்றல்ல. 'விறைப்பு' என்பது இவ்விரண்டினும் வேறு. இம்மூன்றையும் 'உறுதி' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்த நூல்களை நாம் கண்டிருக்கிறோம். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு பெயர்த்தவர்தாம். பொதுப்பேச்சில் அதனால் கேடில்லை. பாதுகாப்பு அறிக்கையில் உண்டு.

மூன்றாவது, வெப்பம். அறை வெப்பநிலையில் இறுகும் பிசின்கள் பல, 60 முதல் 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். நீராவிக் குழாய் உடைந்தாலும் தீப்பற்றினாலும் அறை அவ்வெல்லையைக் கடக்கக்கூடும். ஆதலின், எந்த இடருக்காக ஒட்டுகிறோம், அவ்வேளையில் அறை எவ்வளவு சூடாக இருக்கும் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே தாளை எடுக்க வேண்டும். குழாய்களும் தாங்கிகளும் மறைத்த சுவரில் தாளைத் தொடர்ச்சியாக ஒட்டவும் இயலாது. அங்கே எஃகே மீண்டும் துணை.

சொல்லும் சுமையும்

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை. எனினும், பிள்ளைகள் பொறியியல் பயில்கின்றனர். அவர்களுக்கெனத் தமிழில் சொற்களை நாம் ஆக்குகிறோம். டிரோஜனில் குறைபட்டது கல்லும் சாந்தும் மட்டுமல்ல. பிரிப்பதற்கென்றே எழுந்த சுவர் என்று கருதப்படும் ஒன்றை யாரும் மீண்டும் கணக்கிட எண்ணுவதில்லை. பெயர் ஒரு பொருளின் வேலையைச் சொல்கிறது. அதற்கு நேரக்கூடியதைச் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது விளக்கம்.

அன்பர் கோடிட்ட பதிவை நாம் பின்வருமாறு திருத்தினோம்: 'சுமை தாங்காச் சுவர்: கட்டடத்தின் பளுவை ஏற்பதற்கென அமைக்கப்படாத சுவர். தன் எடையையும், தன்மேல் பொருத்தப்பட்டவற்றையும், நிலநடுக்கத்தாலும் காற்றாலும் வரும் பக்கவிசையையும் இது தாங்கியாக வேண்டும்.' பட்டியலின் பிற பதிவுகளைக் காட்டிலும் இது நீளமானது, சுருக்குமாறு கேட்டனர். நாம் சுருக்கவில்லை.